லத்தியா, லேப்டாப்பா? கம்ப்யூட்டர் வேலைக்கு ஆசைப்படும் போலீஸ்காரர்கள் போட வேண்டிய கணக்கு

கோவை:-

ராத்திரி 2 மணி. சரவணம்பட்டி ரோட்டில் வாகன சோதனை. கொட்டாவியை அடக்கிக் கொண்டு நிற்கிறார் ஒரு போலீஸ்காரர். ஐ.டி. கம்பெனி வேன் ஒன்று வருகிறது. உள்ளே காதில் ஹெட்போனை மாட்டிக் கொண்டு தூங்கி வழிகிறார் ஒரு வாலிபர். டார்ச் அடித்துப் பார்த்து விட்டு வேனை அனுப்பி வைக்கிறார் போலீஸ்காரர்.

வேனுக்குள் இருப்பவருக்கு நைட் ஷிப்ட். வெளியே நிற்பவருக்கு நைட் டூட்டி. இரண்டு பேரும் படித்தது ஒரே என்ஜினீயரிங் படிப்பாகக் கூட இருக்கலாம். "நாமும் அந்தப் பக்கம் போயிருந்தால் நல்லா இருந்திருக்குமோ?" என்ற நினைப்பு அந்த நேரத்தில் வராமல் இருக்காது.

கோவையில் மட்டும் இல்லை. சென்னை பழைய மகாபலிபுரம் ரோடு பக்கம் டூட்டி பார்ப்பவர்களுக்கும் இதே நினைப்புதான். காக்கியைக் கழற்றி வைத்து விட்டு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரலாமா என்பது போலீஸ் குடியிருப்புகளில் சாதாரணமாக அடிபடும் பேச்சு.

இது என்னமோ போலீஸ்காரர் வீட்டு விஷயம், நமக்கு என்ன என்று நினைத்து விட வேண்டாம். உங்கள் பேங்க் கணக்கில் இருக்கும் பணத்துக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது. அது எப்படி என்பதை கடைசியில் பார்ப்போம்.

10-ம் வகுப்பு வேலைக்கு பி.இ. பட்டதாரி

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 1991-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. கிரேடு-2 போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பது இந்த வாரியம்தான். இந்த வேலைக்கு 10-ம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் போதும். ஆனால் பி.இ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர், பி.சி.ஏ. முடித்தவர்களும் போட்டி போட்டு எழுதுகிறார்கள். அரசாங்க வேலை, மாசம் பொறந்தா சம்பளம் என்பதுதான் காரணம்.

வேலையில் சேர்ந்ததும் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஆயுதப்படைக்கோ, சிறப்பு காவல் படைக்கோ அனுப்பி விடுகிறார்கள். அங்கே பாரா டூட்டி, கைதி வழிக்காவல், திருவிழா பந்தோபஸ்து, வி.ஐ.பி. வருகை. உள்ளூர் ஸ்டேஷனுக்கு மாறுதல் கிடைக்க வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் காலேஜில் படித்த ஜாவாவும், நெட்வொர்க்கிங்கும் துருப் பிடித்துப் போய் விடும்.

கிரேடு-2 போலீஸ்காரர் கிரேடு-1 ஆக 10 வருஷம் ஆகும். ஏட்டு, சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் எல்லாம் அதற்கும் பிறகு. கம்ப்யூட்டரில் புலியாக இருந்தாலும் சரி, மவுசைத் தொட்டே பார்க்காதவராக இருந்தாலும் சரி, பிரமோஷன் வருவது ஒரே வேகத்தில்தான்.

லீவு பிரச்சினை தனிக் கதை. போலீசாருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ம் ஆண்டு தமிழக அரசு அரசாணையே போட்டது. ஆனால் பந்தோபஸ்து என்று வந்து விட்டால் அந்த ஓய்வு காற்றில் பறக்கிறது என்பது போலீஸ் குடும்பங்களின் குறை. பெண் போலீசார் காலை 7 மணி ரோல்-காலுக்கு ஓட வேண்டி இருந்ததை 8 மணியாக மாற்றுவதாக 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் முதல்-அமைச்சர் அறிவித்தார். 1 மணி நேரம் தள்ளி வைத்ததே பெரிய சலுகையாகப் பேசப்பட்டது என்றால், நிலைமையை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அதனால் ஆசை வருவதில் தப்பே இல்லை. ஆனால் ஆசை வேறு, கணக்கு வேறு.

சம்பளம் நிஜமாகவே ஏறுமா?

ஐ.டி. என்றதும் லட்சத்தில் சம்பளம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உண்மை அப்படி இல்லை.

பெரிய சாப்ட்வேர் கம்பெனிகளில் புதிதாகச் சேருபவருக்கு வருஷத்துக்கு 3 லட்சம் முதல் 4 லட்சம் ரூபாய் என்பதுதான் பல வருஷமாக உள்ள நிலவரம். மாதக் கணக்கில் 25 ஆயிரம் முதல் 33 ஆயிரம். அதிலும் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும்.

கிரேடு-2 போலீஸ்காரரின் அடிப்படைச் சம்பளம் 18 ஆயிரத்து 200 ரூபாயில் தொடங்குகிறது. இதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, மற்ற படிகள் எல்லாம் சேருகின்றன. வருஷா வருஷம் இன்கிரிமென்ட் உண்டு. 7, 8 வருஷம் சர்வீஸ் போட்ட ஒரு போலீஸ்காரர் வேலையை விட்டு ஐ.டி.யில் புதுமுகமாகச் சேர்ந்தால், முதல் 2, 3 வருஷத்துக்கு சம்பளம் ஏறாது. இறங்கவும் செய்யலாம். போலீஸ் குடியிருப்பில் வீடு கிடைத்து இருந்தவர் என்றால் வெளியே வாடகை வேறு கட்ட வேண்டும்.

அதற்கு அப்புறம் ஏறுமா? கையில் சரக்கு இருந்தால் ஏறும். போலீஸ் வேலையில் 10 வருஷத்தில் தொட முடியாத சம்பளத்தை அங்கே 5 வருஷத்தில் தொட்டவர்கள் உண்டு. ஆனால் அங்கே எதுவும் நிரந்தரம் இல்லை. நாட்டின் பெரிய சாப்ட்வேர் கம்பெனியான டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரம் பேருக்கு மேல் குறைக்கப் போவதாக 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் அறிவித்தது. போலீஸ்காரருக்கு மெமோ வரும், சார்ஜ் வரும், தூரத்து ஊருக்கு மாறுதலும் வரும். ஆனால் "நாளையில் இருந்து வர வேண்டாம்" என்று ஒரு இ-மெயில் வராது.

நைட் டூட்டியில் இருந்து தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களும் யோசிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை என்பது 24 மணி நேர வேலை. அமெரிக்கா விழித்திருக்கும் நேரத்தில் நாம் விழித்திருக்க வேண்டும். ரோட்டில் கொசுக்கடி, ஆபீசில் ஏ.சி. வித்தியாசம் அவ்வளவுதான். தூக்கம் இரண்டிலும் போகும்.

போனால் திரும்பி வர முடியாது

ராஜினாமா கடிதம் எழுதுவது 5 நிமிஷ வேலை. அது ஏற்கப்பட்டு விட்டால் அதுவரை சேர்த்த சீனியாரிட்டி போனது போனதுதான். மறுபடி சேர வேண்டும் என்றால் முதலில் இருந்து பரீட்சை எழுத வேண்டும். அதற்கு வயது இடம் கொடுக்காது. கிரேடு-2 போலீஸ் வேலைக்கு பொதுப் பிரிவினருக்கு 26 வயது, பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்கு 28 வயது, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 31 வயது என்று வரம்பு இருக்கிறது. 30 வயதில் வேலையை விட்டு, 33 வயதில் ஐ.டி. வேலையும் போய் விட்டால் இரண்டும் இல்லாத நிலைமைதான்.

20 வருஷம் சர்வீஸ் முடித்தவர்கள் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 3 மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். ஓய்வுப் பலன்களோடு வெளியே வரலாம். ஆனால் அப்போது வயது 40-ஐத் தாண்டி இருக்கும். புதிதாகப் படிக்கவும், 22 வயது பையனிடம் கை கட்டிப் பாடம் கேட்கவும் மனசு பக்குவப்பட வேண்டும்.

இலாகா விசாரணை நிலுவையில் இருந்தால் ராஜினாமாவை ஏற்பதிலேயே சிக்கல் வரும். அதே போல, வேலையில் இருந்து கொண்டே ராத்திரி பகுதி நேரமாக கம்பெனி வேலை பார்த்து சம்பளம் வாங்கினால் நடத்தை விதிப்படி அது குற்றம். "வொர்க் பிரம் ஹோம்தானே, யாருக்குத் தெரியும்?" என்று நினைத்தால், பேங்க் கணக்கில் விழும் சம்பளமே காட்டிக் கொடுத்து விடும்.

ரைட்டருக்குத் தெரிந்தது என்ஜினீயருக்குத் தெரியாது

இதையெல்லாம் படித்து விட்டு, போலீஸ்காரருக்கு ஐ.டி. ஒத்தே வராது என்று முடிவு கட்டவும் கூடாது. சில வேலைகளில் போலீஸ்காரருக்கு இருக்கும் அனுபவம் என்ஜினீயருக்குக் கிடையாது.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். எப்.ஐ.ஆர். போடுவது, சி.டி. பைல் கட்டுவது, கோர்ட்டுக்கு அனுப்புவது எல்லாம் அவர் தலையில்தான். மத்திய அரசு 2009-ம் ஆண்டு ஒப்புதல் கொடுத்த சி.சி.டி.என்.எஸ். திட்டத்தில் ஸ்டேஷன்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இணைக்கப்பட்டன. அதற்குப் பிறகு பேனா பிடித்த ரைட்டர்கள் கீ-போர்டு தட்ட ஆரம்பித்தார்கள்.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்தன. சோதனை போட்டு பொருளைக் கைப்பற்றினால் அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா சட்டத்தின் 105-வது பிரிவு சொல்கிறது. செல்போன் பதிவு, சி.சி.டி.வி. காட்சி போன்றவற்றை கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட, பாரதிய சாக்‌ஷிய அதிநியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் "ஹேஷ்" என்று ஒரு எண் குறிக்கப்படுகிறது. பைலுக்கு அது கைரேகை மாதிரி. பைலில் ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறி விடும். சாட்சியத்தில் யாரும் கை வைக்கவில்லை என்று அதை வைத்துத்தான் நிரூபிக்கிறார்கள்.

மகஜர் எழுதத் தெரிந்த போலீஸ்காரருக்கு இதன் அருமை உடனே புரியும். பொருள் யாரிடம் இருந்து யார் கைக்குப் போனது, எத்தனை மணிக்கு, யார் சாட்சி என்று எழுதி எழுதிப் பழகிய கை அது. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் இந்த ஒழுங்கு தேவைப்படுகிறது. கம்பெனி கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 2022-ம் ஆண்டு உத்தரவு வந்தது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதைத் தொட்டார்கள் என்று கோர்வையாக எழுத ஆள் வேண்டாமா?

பேங்குகளின் மோசடி தடுப்புப் பிரிவு, கம்பெனிகளின் பாதுகாப்பு கண்காணிப்பு மையம், செல்போன், கம்ப்யூட்டர் தடயங்களை ஆராயும் ஆய்வகம், ஆன்லைன் வியாபாரக் கம்பெனிகளின் புகார் விசாரணைப் பிரிவு ஆகிய இடங்கள்தான் போலீஸ்காரருக்குத் தோதானவை. "நானும் புரோகிராம் எழுதப் போகிறேன்" என்று காலேஜை விட்டு வந்த பையன்களோடு போட்டி போடுவது, நீச்சல் தெரியாமல் ஆழியாறு அணையில் குதிப்பது மாதிரிதான்.

படிக்க வழி இருக்கிறது

காசைக் கொட்டித்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ம் ஆண்டு தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பில் சேர வயது வரம்பு கிடையாது. பிளஸ்-2 முடித்து, 10-ம் வகுப்பில் கணக்கும் இங்கிலீசும் படித்திருந்தால் தகுதித் தேர்வுக்கு உட்காரலாம். என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். பரீட்சை எழுதி சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். இந்திரா காந்தி திறந்தநிலை பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. படிக்கலாம்.

போலீசாருக்கு என்றே மத்திய உள்துறை "சைட்ரெயின்" என்ற ஆன்லைன் பயிற்சி நடத்துகிறது. டிஸ்க்கை நகல் எடுக்கும் எப்.டி.கே. இமேஜர், அதை அலசிப் பார்க்கும் ஆட்டாப்சி போன்ற சாப்ட்வேர்களை காசு கொடுக்காமலே இறக்கிப் பழகலாம். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் போதும். இலாகா அனுமதி வாங்கி விட்டுப் படிப்பில் சேருவது நல்லது. பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. "3 மாதத்தில் எத்திக்கல் ஹேக்கர், 100 சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்து லட்ச ரூபாய் கறக்கும் கூட்டம் இருக்கிறது. சான்றிதழ் காகிதத்தை மட்டும் பார்த்து எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்காது. உட்கார வைத்து செய்து காட்டச் சொல்வார்கள்.

வெளிநாட்டு ஐ.டி. வேலை என்று யாராவது ஆசை காட்டினால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப் போய் மியான்மரில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்து உதைத்த கொடுமையில் இருந்து தமிழக வாலிபர்கள் 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மீட்டு வரப்பட்டது நினைவிருக்கலாம்.

உங்கள் பணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

2024-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சைபர் மோசடியில் மக்கள் பறிகொடுத்த பணம் 22 ஆயிரத்து 845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டை விட இது 3 மடங்கு. போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் வந்து மிரட்டும் "டிஜிட்டல் அரெஸ்ட்" மோசடி பற்றி 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரதமரே ரேடியோவில் எச்சரித்தார். நிஜ போலீஸ்காரர் காக்கியைக் கழற்றலாமா என்று யோசிக்கும் நேரத்தில், திருடன் காக்கியை மாட்டிக் கொண்டு கம்ப்யூட்டரில் வருகிறான் என்பதுதான் வேதனை.

பணம் போனதும் 1930 என்ற நம்பருக்கு போன் போட வேண்டும். பணம் பேங்கு பேங்காகத் தாவிக் கொண்டே இருக்கும். போன் வந்த நிமிஷத்தில் இருந்து அதைத் துரத்திப் பிடித்து முடக்க வேண்டும். முதல் 1 மணி நேரத்தில் பிடித்தால் உண்டு. ஏ.டி.எம்.மில் எடுத்து விட்டால் தண்ணீரில் போட்ட உப்புதான்.

அந்த நேரத்தில் சைபர் கிரைம் ஸ்டேஷனில் உட்கார்ந்து இருப்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் கட்டிட வேலை செய்து சேர்த்த பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் தப்பிக்கும். அவர் ராஜினாமா செய்து விட்டுப் போயிருந்தால்? அல்லது தேரோட்ட பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்டு இருந்தால்? புதிதாக வந்தவர் முதலில் இருந்து கற்றுக் கொள்ள வேண்டும். அதுவரை திருடன் காத்துக் கொண்டு இருக்க மாட்டான்.

தமிழகத்தில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் வந்து விட்டது. கட்டிடம் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கால் லிஸ்ட் வாங்கிப் பிரிப்பது, எந்தக் கணக்கில் இருந்து எந்தக் கணக்குக்குப் பணம் போனது என்று கோடு போட்டுக் காட்டுவது எல்லாம் கீழே இருக்கும் போலீஸ்காரர்களும், எஸ்.ஐ.க்களும் சேர்ந்து செய்யும் வேலை. வழக்கு ஜெயித்தால் போட்டோவில் பின் வரிசையில் நிற்பதோடு அவர்கள் கதை முடிந்து விடுகிறது.

என்ன செய்யலாம்?

காக்கியைக் கழற்றாமலேயே கம்ப்யூட்டர் வேலை பார்க்க போலீஸ் இலாகாவிலேயே கதவு இருக்கிறது. எஸ்.ஐ. தேர்வில் இலாகாவில் வேலை பார்ப்பவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. தொழில்நுட்பப் பிரிவு எஸ்.ஐ. வேலைக்கும் தேர்வு வாரியம் ஆள் எடுத்திருக்கிறது. ஆசைப்படும் போலீஸ்காரர்கள் முதலில் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். சைபர் கிரைம் பிரிவுக்கு விருப்ப மாறுதல் கேட்டு 3, 4 வருஷம் அங்கே வேலை பார்த்தால் கையில் அனுபவம் சேரும். அதற்கு அப்புறமும் வெளியே போகத்தான் வேண்டும் என்றால், புதுமுகமாக இல்லாமல் அனுபவசாலியாகப் போகலாம். சம்பளப் பேச்சே மாறி விடும். ஆனால் போகும்போது வழக்கு விவரம், பொதுமக்களின் தகவல் எதையும் பென் டிரைவில் போட்டுக் கொண்டு போகக் கூடாது. அனுபவம் சொந்தம், பைல் அரசாங்கத்துடையது.

அரசாங்கமும் யோசிக்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்த போலீஸ்காரர் யார் யார் என்று ஆயுதப்படையில் ஒரு பட்டியல் எடுப்பது பெரிய வேலை இல்லை. அவர்களை சைபர் கிரைம் பிரிவுக்குக் கொண்டு வந்து, குறைந்தது 5 வருஷத்துக்கு மாற்றாமல் வைத்து, தனி படியும், திறமைக்கு ஏற்ற பிரமோஷனும் கொடுத்தால் அவர்கள் ஏன் வெளியே பார்க்கப் போகிறார்கள்? கோடிக்கணக்கில் பணம் போடும் கம்பெனிகளோடு சம்பளத்தில் அரசாங்கம் போட்டி போட முடியாதுதான். வாரத்தில் ஒரு நாள் லீவை ஒழுங்காகக் கொடுப்பதில் போட்டி போடலாம் அல்லவா?

அது வரைக்கும் சரவணம்பட்டி ரோட்டில் ஐ.டி. வேன்கள் போய்க் கொண்டுதான் இருக்கும். டார்ச் லைட்டோடு நிற்கும் பி.இ. பட்டதாரி போலீஸ்காரர் அதைப் பார்த்துக் கொண்டுதான் இருப்பார். அவர் கையில் டார்ச்சைக் கொடுப்பதா, கம்ப்யூட்டரைக் கொடுப்பதா என்பதை சம்பந்தப்பட்ட அதிகாரிகள் சீக்கிரம் முடிவு செய்ய வேண்டும் என்பதே பணத்தைப் பறிகொடுத்து நிற்கும் பொதுமக்களின் எதிர்பார்ப்பு.